அப்புறம் பாத்துக்கலாம் மச்சி!

ஒரு வாரமா இதை எழுதலாமா வேண்டாமான்னு யோசிச்சு, கடைசியில எழுதிடறதுன்னு முடிவு பண்ணிட்டேன். கிளாஸ் மக்கள் சிலருக்குக் கோபம் வரும். வரட்டும். வர்ற சனிக்கிழமை ராத்திரி நம்ம புது ஆட்டம் ஆரம்பிக்குது. அதுக்கு முன்னாடி சொல்லலைன்னா அப்புறம் சொல்றதுல அர்த்தம் இல்லை.

விஷயம் தெரியாதவங்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்று ஒரு விளையாட்டு. 1974-ல் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னஸன் என்ற இரண்டு அமெரிக்கர்கள் கொண்டுவந்தது. நாலைந்து பேர் ஆளுக்கொரு கதாபாத்திரத்தை உருவாக்கிக்கொள்ள வேண்டும். ஒருவன் வாள் வீரன், ஒருத்தி மந்திரவாதி, இன்னொருவன் திருடன். கதையை நடத்த ஒருவர் இருப்பார், அவர் பெயர் டன்ஜன் மாஸ்டர், சுருக்கமா டிஎம். "கதவை உடைக்கிறேன்" என்று நீங்கள் சொல்வீர்கள். உடைந்ததா இல்லையா என்பதை இருபது முகம் கொண்ட பகடை சொல்லும். நாங்கள் டிஸ்கார்டில் ஆடுகிறோம், அதுவும் பேசி இல்லை, டைப் அடித்து. காரணம் கேவலமானது. பொதட்டூர்பேட்டையில் எங்கள் வீதியில் ராத்திரி ஷிப்ட் பவர்லூம் ஓடும். மைக்கை ஆன் பண்ணினா என் குரலுக்குப் பதிலா தறிச் சத்தம்தான் அந்தப் பக்கம் போகும்.

(வீட்டில் "ஆன்லைன்ல பகடை உருட்டறோம்" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அம்மா ரம்மி என்று நினைத்து ஒரு ஆட்டம் ஆடிவிட்டார். காசு வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களை 2025 ஆகஸ்டில் மத்திய அரசு சட்டம் போட்டுத் தடை செய்துவிட்டது, இது அது இல்லை, காசே கிடையாது என்று புரியவைக்க அரை மணி நேரம் ஆச்சு. "தங்க நாணயம்னு எழுதி வச்சிருக்கியே?" "அது பேப்பர்லதாம்மா இருக்கு.")

நிற்க. மேட்டருக்கு வருவோம்.

போன ஆட்டம் எட்டு மாசம் ஓடியது. ஆரம்பிக்கும்போது என்ன விதி, என்ன செய்யலாம், என்ன கூடாது என்று ஒருத்தி கேட்டாள். ஒருத்தி என்றால் எங்க குழுவில் இருந்த ஒரே பொண்ணு. டிஎம் சொன்ன பதில்தான் இந்தப் பதிவோட தலைப்பு.

ஆறாவது மாசம் ஒரு சனிக்கிழமை அவள் வரவில்லை. மறுநாள் ஏதோ பரீட்சை. அன்றைக்கு எங்க கும்பல் ஒரு சந்தையில் நிக்குது. ஒரு வியாபாரிகிட்ட புதையல் வரைபடம் இருக்கு. விலை கொடுக்க எங்ககிட்ட தங்கம் பத்தலை. ஒருத்தன் டைப் அடித்தான்: "அவளை வித்துடலாம்." அவளோட கதாபாத்திரத்தை, அதாவது வைத்தியம் பார்க்கும் ஒரு பெண்ணை, அந்த வியாபாரிக்கு. சிரிப்புப் பொம்மைகள் வரிசையா விழுந்தன. டிஎம் பகடையை உருட்டச் சொன்னார், உருட்டினாங்க, பேரம் படிஞ்சது. அதுக்கப்புறம் அந்த வியாபாரி என்ன செய்தான் என்று டிஎம் நாலு வரி எழுதினார். அதை இங்கே எழுத மாட்டேன். நான் அப்போ ஆன்லைன்லதான் இருந்தேன். பச்சை விளக்கு எரிஞ்சிட்டு இருந்தது. ஒரு எழுத்துகூட டைப் அடிக்கலை.

அவள் ஞாயிற்றுக்கிழமை படித்துப் பார்த்தாள். ஒரே ஒரு கேள்வி போட்டாள்: "நான் இல்லாதப்ப என் ஆளை விக்கலாம்னு எந்த ரூல்ல இருக்கு?" டிஎம் பதில்: "விக்கக் கூடாதுன்னும் எந்த ரூலும் இல்லையே. சும்மா கேம்தானே." அவள் வெளியேறிவிட்டாள். நாங்கள் இரண்டு மாசம் கழித்து அந்தப் புதையலை எடுத்தோம். உப்புச் சப்பில்லாமல் இருந்தது.

இதை மறந்தே போயிருப்பேன். பக்கத்து ஊர் திரௌபதி அம்மன் கோயிலில் பாரதக் கூத்து, பகடை துகில் அன்னைக்கு மாமாவோட போயிருந்தேன். சின்ன வயசிலிருந்து பார்க்கிற கூத்துதான். ஆனா இந்தத் தடவை தூக்கமே வரலை. ஏன்னா அது அப்படியே எங்க சனிக்கிழமை.

நல்லா கவனிச்சுப் பாருங்க மக்களே. பாரதத்தில் சூதாட்டம் தொடங்குமுன்னே ஒரு விதிப் பிரச்சினை வருது. பந்தயம் வைப்பது துரியோதனன், காயை உருட்டப்போவது சகுனி. ஒருத்தனுக்காக இன்னொருத்தன் ஆடுவது முறையில்லையே என்று தருமன் கேட்கிறான். கேட்டுட்டு, அது தீர்றதுக்கு முன்னாடியே, சரி ஆரம்பிக்கலாம்கிறான். அதாவது, அப்புறம் பாத்துக்கலாம் மச்சி. செல்வம் போச்சு, நாடு போச்சு, தம்பிகள் போனார்கள், தன்னையும் தோற்றான். அதுக்கப்புறம்தான் திரௌபதியை வைக்கிறான். அவள் அந்தச் சபையிலேயே இல்லை. ஆட்டத்துக்கு வராத ஆளோட பாத்திரத்தைப் பந்தயம் வைத்தாகிவிட்டது.

அழைத்துப்போக ஆள் வந்தபோது அவள் முதலில் அழவில்லை. கேள்விதான் கேட்டாள். தன்னை முதலில் தோற்றாரா, என்னை முதலில் தோற்றாரா? தன்னைத் தோற்றுப்போனவருக்கு என்னை வைக்க உரிமை ஏது? சுத்தமான விதிக் கேள்வி. சட்டம் படித்த வக்கீலே இவ்வளவு கச்சிதமா கேட்க மாட்டார். சபையில் பெரிய பெரிய தலைகள் எல்லாம் இருக்கு. பீஷ்மர் தர்மம் நுட்பமானது, சொல்ல முடியலை என்கிறார். கௌரவர்களிலேயே விகர்ணன் ஒருவன் மட்டும் எழுந்து இது செல்லாது என்கிறான். அவனைக் கர்ணன் அடக்கிவிடுகிறான். கடைசிவரைக்கும் அந்தக் கேள்விக்கு சபையில் பதில் இல்லை. அபசகுனம் கேட்டுப் பயந்துபோன திருதராட்டிரன் வரம் கொடுத்து எல்லாவற்றையும் திருப்பித் தருகிறான், அவ்வளவுதான். நம்ம பாஷையில் சொன்னா டிஎம் பயந்துபோய் ரீசெட் பட்டனை அழுத்தினார்.

எனக்குக் கூத்தில் அன்னைக்கு உறுத்தினது துச்சாதனன் இல்லை. பீஷ்மர். பச்சை விளக்கு எரிய, டைப் அடிக்காம உட்கார்ந்திருந்த பீஷ்மர்.

"டேய், புராணத்தையும் கேமையும் போட்டுக் குழப்பாதே" என்று சொல்வீர்கள். சரி, புராணம் வேண்டாம், கம்ப்யூட்டருக்கே வருவோம். 1990களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆராய்ச்சி மையத்தில் பாவெல் கர்டிஸ் என்பவர் லாம்டாமூ என்று ஒன்றை உருவாக்கினார். படம் கிடையாது, எல்லாம் எழுத்து. உலகம் முழுக்க இருந்து ஆட்கள் ஆளுக்கொரு பெயரில் நுழைந்து, ஒரு பெரிய கற்பனை வீட்டுக்குள் உலாவுவார்கள், பேசுவார்கள். கிட்டத்தட்ட நம்ம சனிக்கிழமைதான், கூட்டம் மட்டும் ரொம்பப் பெரிசு. நிர்வாகிகளுக்கு அங்கே மந்திரவாதிகள் என்று பெயர். அவர்கள் ஒரு கட்டத்தில், இனிமேல் நாங்கள் தொழில்நுட்பம் மட்டும்தான் பார்ப்போம், உங்கள் சண்டையை நீங்களே தீர்த்துக்கொள்ளுங்கள் என்று அறிவித்துவிட்டுக் கையைக் கழுவினார்கள். எப்படித் தீர்ப்பது என்று மட்டும் யாரும் எழுதி வைக்கவில்லை.

1993-ல் மிஸ்டர் பங்கிள் என்ற பெயரில் ஒருத்தன் வந்தான். பில்லிசூனியப் பொம்மை மாதிரி ஒரு சின்ன புரோகிராம் அவனிடம் இருந்தது. அதை வைத்து மற்றவர்களின் பாத்திரங்கள் என்ன செய்கின்றன என்பதை அவனே எழுத ஆரம்பித்தான். எல்லோரும் பார்க்கும் கூடத்தில், ஆபாசமாக, வன்முறையாக. பாத்திரத்துக்குச் சொந்தக்காரர்கள் தங்கள் பெயரில் ஓடும் வரிகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். அவர்களில் ஒரு பெண் அதைப் பற்றிப் பொதுவில் எழுதியபோது கண்ணீர் விட்டுக்கொண்டே எழுதினாள் என்று ஜூலியன் டிபெல் பதிவு செய்திருக்கிறார். அந்த வருஷம் டிசம்பரில் வில்லேஜ் வாய்ஸ் பத்திரிகையில் வந்த அவருடைய கட்டுரை ரொம்பப் பிரபலம். ஆட்கள் கூடி மணிக்கணக்கில் விவாதித்தார்கள். முடிவு இல்லை, ஏன்னா முடிவெடுக்க வழியே இல்லை. கடைசியில் ஒரு மந்திரவாதி யாரையும் கேட்காமல் தானே பங்கிளின் கணக்கை அழித்தார். ஆள் கொஞ்ச நாளில் வேறு பெயரில் திரும்பி வந்துவிட்டான். அதுக்கப்புறம்தான் கர்டிஸ் மனு போடவும் ஓட்டுப் போடவும் ஒரு முறையைக் கொண்டுவந்தார்.

"சும்மா கேம்தானே" என்பவர்களுக்கு ஒரு கேள்வி. சும்மா என்றால் அந்தப் பெண் ஏன் அழுதாள்? நம்ம ஆள் ஏன் கிளம்பினாள்? ஆறு மாசம் சனிக்கிழமை தூக்கத்தைத் தொலைத்து, பெயர் வைத்து, அதுக்கு ஒரு ஊரும் ஒரு தங்கச்சியும் யோசித்து வளர்த்த பாத்திரம் அது. அது அவள் இல்லைதான். ஆனா அதை விற்றவர்கள் யாரைப் பார்த்துச் சிரித்தார்கள் என்பது சிரித்தவர்களுக்குத் தெரியும்.

அடுத்த வாதம், "ரூல்ஸ் போட்டா ஜாலி போயிடும்." இதை யார் சொல்கிறார்கள் என்று கவனித்தேன். டிஎம்மும், டிஎம்மின் ரூம்மேட்டும். ஹி ஹி. எழுதாத விதியும் விதிதான், அது யாருக்குத் தெரியுமோ அவருக்குச் சாதகம். சண்டை நடந்துகிட்டு இருக்கும்போதே போன ஆட்டத்தில் ஒரு விதி வானத்திலிருந்து விழுந்தது: பகடையில் 1 விழுந்தா கையிலிருக்கும் வாள் கீழே விழும். கேக்க நியாயமாத்தான் இருக்கு. கணக்குப் போட்டுப் பாருங்க. ஐந்தாம் நிலைக்கு வந்த வாள் வீரன் ஒரு சுற்றில் இரண்டு தடவை வீசுவான். ஒரு தடவை வீசுகிறவனுக்கு வாள் நழுவ 5 சதவீத வாய்ப்பு, இவனுக்கு கிட்டத்தட்ட 10. தேர்ச்சி ஏற ஏற வாள் அடிக்கடி கீழே விழும்! மந்திரம் போடுகிறவன் பல மந்திரங்களுக்குப் பகடையே உருட்ட வேண்டியதில்லை. டிஎம்மின் ரூம்மேட் மந்திரவாதி என்பதை இங்கே சேர்த்துப் படிக்கவும். முதல் நாளே எழுதியிருந்தா நான் வாள் வீரனை எடுத்திருக்கவே மாட்டேன். அதனாலதான் விதி முதல்ல, ஆள் அப்புறம் என்கிறேன். பாவு ஓட்டறதுக்கு முன்னாடி எந்த நிறம் எத்தனை இழைன்னு முடிவு பண்ணுவாங்க. தறியில ஏத்தின பிறகு கட்டத்தை மாத்தறேன்னு எங்க வீதியில யாராவது சொன்னா அடிதான் விழும்.

எழுதி வைச்சிட்டா சண்டையே வராதுன்னு நான் சொல்லலை. பாரதத்திலேயே இரண்டாவது சூதாட்டத்துக்கு நிபந்தனை முன்கூட்டியே பேசினாங்க: 12 வருஷம் காடு, ஒரு வருஷம் மறைந்து வாழணும், மாட்டினா திரும்பக் காடு. அப்படியும் பதிமூணு வருஷம் முடிஞ்சதா இல்லையான்னு தகராறு வந்தது. ஆனா இந்தத் தடவை பீஷ்மரால் கணக்குப் போட்டு, முடிஞ்சதுன்னு வாயைத் திறந்து சொல்ல முடிஞ்சது. முதல் ஆட்டத்தில் அவருக்குப் பிடிச்சுக்க ஒரு கொம்புகூட இல்லை.

சரி, இப்போ ஆள் உருவாக்கற கதை. இதிலும் எனக்கு வயித்தெரிச்சல் நிறைய.

இந்த ஆட்டத்தில் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஆறு குணங்கள்: வலிமை, சுறுசுறுப்பு, உடல் தாங்கும் திறன், அறிவு, ஞானம், கவர்ச்சி. ஒவ்வொன்றுக்கும் ஒரு எண். நாலு பகடை உருட்டி, குறைந்ததை விட்டுவிட்டு மூன்றைக் கூட்டுவது ஒரு வழி. போன தடவை "வீட்ல உருட்டிட்டு வாங்கடா" என்று விட்டார்கள். ஒரு பிரகஸ்பதி மூன்று 18-ஓடு வந்தான். இந்த முறையில் 18 விழ வாய்ப்பு 1296-ல் 21. ஆறு எண்ணில் மூன்று 18 விழ, தோராயமாக 12,000 பேர் உருட்டினால் ஒருத்தருக்கு. அந்த ஒருத்தர் நம்ம கிளாஸ்லயே இருக்கார், லாட்டரி வாங்கச் சொல்லலாம்னா தமிழ்நாட்டில் அதுவும் கிடையாது. நான் நேர்மையா உருட்டி 11-க்கு மேல ரெண்டுதான் விழுந்தது. எட்டு மாசம் அந்த நொண்டி எண்களோடதான் ஓட்டினேன். புள்ளி முறை இருக்கு. எல்லோரும் 8-ல் ஆரம்பித்து, 27 புள்ளிகளை இஷ்டப்படி செலவு பண்ணலாம், 15-க்கு மேல் போக முடியாது. இல்லை, உருட்டினாத்தான் த்ரில் என்றால் சேனலில் எல்லோர் முன்னாடியும் பாட் உருட்டட்டும், விழுந்த ஆறு எண்களை எல்லோரும் பொதுவா வைத்துக்கொள்வோம்.

இதைவிடப் பெரிய விவகாரம், அட்டையில் பெயருக்கு அடுத்த கட்டம். நாங்கள் அட்டையைத் தமிழில் அடித்திருந்தோம். எல்ஃப், குள்ளர், ஓர்க் என்று எழுதவேண்டிய கட்டத்துக்குத் தமிழாக்கம் செய்தவன் "சாதி" என்று போட்டிருந்தான். அவன் கெட்ட எண்ணத்தில் போடவில்லை. மாட்டில் சாதி, பூவில் சாதி என்று நம்மூரில் சொல்வதுதானே. எல்லோரும் சிரித்தோம். அப்புறம் ஒருத்தன் ஓர்க்குக்கு அறிவில் இரண்டு குறையும் என்று படித்தான். சிரிப்பு பாதியில் நின்றது. அதை "இனம்" என்று மாற்றிவிட்டு வேகமா அடுத்த கட்டத்துக்குப் போனோம். சொல்லை மாத்தினா சரியாப் போச்சா?

தமிழாக்கம் தப்பே இல்லை என்பதுதான் என் கட்சி. இந்த ஆட்டத்தோட வரலாற்றைப் பாருங்கள். 1981-ல் வந்த எளிய பதிப்பில், குள்ளராகப் பிறந்தவனுக்குத் தனியா தொழில் கிடையாது. மனிதன் வீரனாகலாம், திருடனாகலாம், மந்திரவாதியாகலாம். குள்ளன் குள்ளன்தான், பிறப்பே தொழில். அவன் 12-ஆம் நிலைக்கு மேல் ஏறவும் முடியாது, ஹாஃப்லிங் 8-க்கு மேல் ஏற முடியாது. 1978-ல் வந்த பெரிய பதிப்பில் பெண் பாத்திரங்களின் வலிமைக்கு ஆணைவிடக் குறைந்த உச்சவரம்பு இருந்தது. டிராகன் நெருப்புக் கக்கும் உலகத்தில், பெண்ணுக்கு இவ்வளவுதான் பலம் என்பதில் மட்டும் யதார்த்தம் தேவைப்பட்டிருக்கிறது! பெண்களுக்கான வரம்பு 1989-ல் போனது. பிறப்பால் தொழிலும் நிலையும் அடைபட்டது 2000-ல் போனது. ஓர்க்குக்கு அறிவு குறைவு என்பது 2016 புத்தகத்தில் மறுபடி வந்து, 2020-ல் திருத்தப்பட்டது. 2024 விதிப்புத்தகத்தில் பிறப்பால் வரும் குணப் புள்ளிகளையே எடுத்துவிட்டார்கள். ஐம்பது வருஷம் ஆகியிருக்கு.

எடுத்துவிட்டு அந்தப் புள்ளிகளை எங்கே வைத்தார்கள் தெரியுமா? முன்பு பார்த்த தொழிலில். புத்தகத்தில் உள்ளபடி கைவினைஞராக இருந்தவருக்கு வலிமை, சுறுசுறுப்பு, அறிவு. விவசாயியாக இருந்தவருக்கு வலிமை, உடல் தாங்கும் திறன், ஞானம். ஆக எங்க ஊர் தறிக்காரருக்கு அறிவு ஏறும், ஊருக்கு வெளியே ஏர் ஓட்டினவருக்கு ஏறாது. எங்க தாத்தா கேட்டா சந்தோஷப்படுவார், ஆனா சரியில்லை. (நாமே புதுப் பின்னணி உருவாக்கிக்கொள்ளவும் அனுமதி உண்டு. அதைத்தான் செய்யணும் என்கிறேன்.)

டிஎம் தரப்பு வாதம் தெரியும்: "ஓர்க் மனுஷன் இல்லடா, வேற உயிரினம். யானைக்குப் பலம் ஜாஸ்தின்னா அது சாதியா?" இதில் பாதி நியாயம் இருக்கு, ஒத்துக்கிறேன். இறக்கை இருக்கிறவன் பறக்கட்டும். இருட்டில் கண் தெரியட்டும், நெருப்பைக் கக்கட்டும். உடம்பு சம்பந்தப்பட்டதை எல்லாம் பிறப்புக்குக் கொடுங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனா அறிவும் ஞானமும் கவர்ச்சியும் ஒரு கூட்டத்துக்கே குறைச்சல்னு அட்டையில் அச்சடிக்காதீங்க. அந்தக் கட்டத்தைக் கேட்டதும் தலை குனிஞ்ச கர்ணன் கதையும் அதே கூத்து மேடையில்தான் நடக்குது. வில்வித்தை அரங்கில் அர்ச்சுனனுக்குச் சமமா நின்றவனைப் பார்த்து, உன் குலம் என்ன என்றுதான் கிருபர் கேட்டார். எண்ணைக் கேட்கலை, கட்டத்தைக் கேட்டார்.

அதனால சனிக்கிழமைக்கு நான் கேட்கிறது இவ்வளவுதான். வராதவரின் பாத்திரம் சத்திரத்தில் தூங்கும். யாரும் அதை நகர்த்தவோ, பேசவைக்கவோ, விற்கவோ, பந்தயம் வைக்கவோ கூடாது. ஒருத்தர் பாத்திரத்தை இன்னொருத்தர் அடிக்கணும், திருடணும், காதலிக்கணும் என்றால் இரண்டு பேரும் சம்மதம் என்று டைப் அடிக்கணும். காட்சி எல்லை மீறினா யார் வேணும்னாலும் எக்ஸ் என்று ஒரு எழுத்து போடலாம், காட்சி அங்கேயே நிக்கும், ஏன் என்று யாரும் கேட்கக் கூடாது. (இது என் சரக்கு இல்லை. ஜான் ஸ்டாவ்ரோபௌலோஸ் என்பவர் கொண்டுவந்த எக்ஸ் கார்டு. மேசையில் ஒரு அட்டை வைத்துத் தொடுவார்கள்.) சண்டை நடக்கும்போது டிஎம் சொன்னதே முடிவு, வாதாட மாட்டோம். ஆனா அன்னைக்கு ராத்திரியே கேள்விக்கு எழுத்தில் பதில் வேணும், புதுசா விதி சேர்த்தா அடுத்த வாரத்திலிருந்துதான் அமல். டிஎம் வேலை கஷ்டம்தான், வாரம் பூரா கதை தயார் பண்றார், மறுக்கலை. கதை அவருடையது, ஆட்கள் எங்களுடையவர்கள்.

புத்தகம் வாங்கக் காசில்லை என்ற சாக்கும் வேண்டாம். ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதிகளை 2023 ஜனவரியிலேயே கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இலவசமா வெளியிட்டுட்டாங்க. இறக்கிப் படிங்க.

நேத்து அவளுக்கு மெசேஜ் போட்டேன். அன்னைக்கு நான் பார்த்துட்டே இருந்தேன், ஒண்ணும் சொல்லலை, தப்புதான்னு எழுதினேன். புது ஆட்டத்துக்கு வர்றியான்னும் கேட்டேன். "முதல்ல ரூல்ஸை அனுப்பு, படிச்சுட்டு சொல்றேன்"னு பதில் வந்தது. மேலே சொன்னதை எல்லாம் ஒரு பக்கத்துக்கு அடித்து, சேனலில் பின் பண்ணி வைத்திருக்கிறேன். சம்மதிப்பவர்கள் டிக் போடச் சொல்லியிருக்கேன். இதுவரை மூணு டிக் விழுந்திருக்கு, அதில் ஒண்ணு மூன்று 18-காரனோடது, அவன் நல்லவன்தான். டிஎம் சார், நீங்க படிச்சிட்டீங்கன்னு காட்டுது. சனிக்கிழமை ஒன்பதரை வரைக்கும் டைம் இருக்கு.